வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்: டம்மி டக் மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்து, தளர்ந்த தசைச்சுவரை இறுக்கித் தைக்கும் டம்மி டக் அறுவை சிகிச்சைக்கு விளம்பரம் செய்யும் அழகியல் மையங்களை நடத்துவோருக்கும், அங்கே வருகிறவர்களிடம் முதலில் பேசும் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

பிள்ளை பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் வயிறு உள்ளே போகவில்லை என்று உங்களைத் தேடி வருகிற பெண், அதற்கு முன் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தவர். பிரசவமான மறுவாரமே வயிற்றில் துணி கட்டியிருப்பார். கொள்ளுக் கஞ்சி, சீரகத் தண்ணீர், காலை நடை, யூடியூபில் பார்த்த உடற்பயிற்சி எதையும் விட்டிருக்க மாட்டார். பேருந்தில் யாரோ "எத்தனை மாசம்?" என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்திருப்பார்கள். அடிவயிற்று மடிப்புக்குள் வியர்வை தங்கி, கோடை முழுவதும் படையும் அரிப்புமாக அவதிப்பட்டிருப்பார். அப்படிப்பட்டவர் கடைசியில் உங்களுக்குப் போன் செய்கிறார். நீங்கள் வாட்ஸ்ஆப்பில் வயிற்றுப் படம் கேட்கிறீர்கள். பத்து நிமிடத்தில் விலை போகிறது, தவணைத் திட்டம் போகிறது, இந்த மாதத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி என்ற செய்தியும் போகிறது. கத்தி பிடிக்கப் போகிற மருத்துவரை அவர் முதன்முதலாகப் பார்ப்பது, பல இடங்களில், அறுவை நாளன்று காலையில்தான்.

நாங்கள் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையிலும், மயக்கவியலிலும், வார்டு செவிலியர் பணியிலும், பிசியோதெரபியிலும் இருப்பவர்கள். டம்மி டக் நல்ல அறுவை சிகிச்சை. பொருத்தமானவருக்கு முறையாகச் செய்தால் உடல் தோற்றம் மட்டுமல்ல, நடையும் முதுகுவலியும்கூடப் பலருக்கு மேம்படுகின்றன. அதனால் செய்யாதீர்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. ஒரு ரூபாய் வாங்குவதற்கு முன், அறுவை செய்யப் போகிற மருத்துவரே அவரைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பரிசோதிக்க வேண்டும். கீழே எழுதியிருப்பதை அவருக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் கோரிக்கை இதுதான்.

தொப்பை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே மூன்று வேறு வேறு சிக்கல்கள் இருக்கின்றன: தோல், கொழுப்பு, தசைச்சுவர். யாருக்கு எது எவ்வளவு என்பதைப் படம் காட்டாது. மல்லாந்து படுக்கச் சொல்லிப் பாருங்கள். நிற்கும்போது முன்தள்ளிய வயிறு, படுத்ததும் விலா எலும்பு மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், தளர்ந்திருப்பது சுவர். இறுக்கித் தைத்தால் பலன் தெரியும். படுத்த பிறகும் வயிறு குன்று மாதிரி மேடாகவே நின்றால், கொழுப்பு தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் குழாயும் அங்கே போகாது, டம்மி டக் தையலும் அதைக் கரைக்காது. நம் மக்களுக்கு, எடை அதிகம் தெரியாவிட்டால்கூட, இந்த உள்கொழுப்பு சேரும் வாகு உண்டு. இவர்களுக்கு அறுவை செய்தால் ஒரு மாதத்தில் வயிறு பழையபடி மேடாகத் தெரியும். வலுக்கட்டாயமாக இறுக்கித் தைத்தாலோ வயிற்றுக்குள் அழுத்தம் கூடி மூச்சுவிடவே சிரமப்படுவார்கள். இவர்களை அறுவை அறைக்கு அனுப்பாதீர்கள். சர்க்கரை, கல்லீரல் கொழுப்பு, உணவு, எடை என்று பார்க்கிற மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அடுத்தது தசை. தொப்புளுக்கு இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு நேர்த்தசைகளை நடுவில் ஒரு வெள்ளை நார்ப்பட்டை இணைக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்தப் பட்டை அகலமாவது ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் பலருக்குத் தானாகவே நெருங்கிவிடும். சிலருக்கு நெருங்காது. முழங்காலை மடக்கிப் படுத்து, தலையையும் தோளையும் கொஞ்சம் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே, தொப்புளில், அதற்குக் கீழே என்று மூன்று இடத்தில் விரலைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் இறங்கினால் தசை விலகியிருக்கிறது. தூக்கும்போது நடுவில் கூம்பு மாதிரி ஒரு மேடு எழும்புவதையும் பார்க்கலாம்.

இந்த விலகல் குடலிறக்கம் (ஹெர்னியா) ஆகாது. பட்டை மெலிந்து விரிந்திருக்கிறது, அதில் ஓட்டை இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தே இருப்பது சாதாரணம். தொப்புளுக்குள் ஒரு சின்ன ஹெர்னியா ஒளிந்திருக்கும். சிசேரியன் தழும்புக்கு அடியிலோ, லேப்ராஸ்கோப்பி போட்ட துளையிலோ இருக்கும். அதைத் தெரியாமல் தொப்புளைச் சுற்றி வெட்டினால் குடலில் கத்தி படும். லைப்போசக்ஷன் குழாய் குருட்டுத்தனமாகப் போகிற கருவி என்பதால் அங்கே ஆபத்து இன்னும் அதிகம். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுக்காமல் தேதி கொடுக்கக் கூடாது.

விலகல் மட்டும்தான், தோல் நன்றாக இருக்கிறது என்றால், முதலில் தேர்ந்த பிசியோதெரபிஸ்டிடம் மூன்று முதல் ஆறு மாதம் பயிற்சி. மூச்சோடு சேர்த்து ஆழ்தசையையும் இடுப்புத்தளத் தசையையும் வேலை செய்ய வைக்கும் பயிற்சிகள் அவை. பலருக்கு இடைவெளி முழுக்க மூடாது. ஆனாலும் சுவர் இறுகி, வேலை செய்யும் திறன் திரும்பிவிடும், அதோடு திருப்தி அடைந்துவிடுவார்கள். ஜிம்மில் சொல்லித் தரும் முழு உட்கார்ந்தெழும் பயிற்சியை விலகல் உள்ளவர் ஆரம்பத்திலேயே செய்தால் அந்தக் கூம்பு மேடு இன்னும் தள்ளும்.

தோலுக்குப் பயிற்சி கிடையாது. உள்தோலின் இழைகள் அறுந்துதான் கர்ப்பத்தில் வயிற்றில் அந்தக் கோடுகள் விழுந்திருக்கின்றன. எண்ணெயோ கிரீமோ அவற்றை ஒட்டவைக்காது. தொங்கும் தோலைக் குறைக்க வெட்டி எடுப்பதுதான் வழி. அதைக்கூட முழுசாகச் சொல்லுங்கள்: தொப்புளுக்குக் கீழே உள்ள கோடுகள் வெட்டிய தோலோடு போகும். மேலே உள்ளவை போகாது, இறங்கிக் கீழே வரும்.

இப்போது அறுவைக்கு வருவோம். விளம்பரத்தில் "சின்ன புரொசீஜர்" என்று போடுகிறீர்கள். முழு டம்மி டக்கில், அடிவயிற்றில் உள்ளாடைக்குள் மறையும் மட்டத்தில் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை வெட்டு போகிறது. அங்கிருந்து தோலும் கொழுப்பும் சேர்ந்த திரையைத் தசையுறையிலிருந்து பிரித்துக்கொண்டே நெஞ்செலும்பின் அடி வரை மேலே போகிறார்கள். தொப்புளைச் சுற்றி வட்டமாக வெட்டி, அதன் காம்போடு இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். தளர்ந்த ரவிக்கையை உள்ளே பிடித்துத் தைப்பது போல, விலகிய தசையுறையை நெஞ்செலும்பு முதல் பூப்பெலும்பு (அடிவயிற்றின் கீழ்முனையில் முன்னால் இருக்கும் எலும்பு) வரை நடுக்கோட்டில் மடித்துத் தைக்கிறார்கள். நைலான், பாலிப்ரொப்பிலீன் போலக் கரையாத நூலோ, பல மாதம் தாங்கும் கரையும் நூலோ அதற்குப் பயன்படும். மேசையை மடக்கி இடுப்பை வளைத்து, தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி, தொப்புளுக்குப் புதிய வாசல் திறந்து, அடுக்கடுக்காகத் தைக்கிறார்கள். முழு மயக்கத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரம். பலருக்குத் தழும்பு 40 செ.மீ. அளவுக்கு வரும்.

இதைச் சுருக்கி மினி டம்மி டக் என்று செய்வது உண்டு. தொய்வு தொப்புளுக்குக் கீழே மட்டும் இருப்பவருக்கு அது போதும், தொப்புளைத் தொட வேண்டியதில்லை. மேல்வயிறும் தளர்ந்தவருக்கு விலை குறைவு என்பதற்காக மினியை விற்றால், அடிவயிறு தட்டையாகி மேலே உருண்டையாக நிற்கும். உடல் எடையை 40, 50 கிலோ இறக்கியவருக்குக் குறுக்காகவும் தோல் மிஞ்சியிருக்கும். அவருக்கு நெடுக்கிலும் ஒரு வெட்டு தேவைப்படலாம். நடுவயிற்றில் தழும்பு தெரியும் என்பதை முன்னாலேயே ஏற்றுக்கொண்டால்தான் அதைச் செய்ய வேண்டும்.

ரத்த ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பெரிய கேடுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. வயிற்றுத் தோலுக்கு மூன்று பக்கமிருந்து ரத்தம் வருகிறது: நடுவில் நேர்த்தசை வழியாக, கீழே தொடைப்பக்க நாளங்கள் வழியாக, பக்கவாட்டில் விலா இடை நாளங்கள் வழியாக. 1979இல் ஹியூகர் என்ற அறுவையாளர் இதை மூன்று மண்டலங்களாக வகுத்துக் காட்டினார். டம்மி டக்கில் திரையைப் பிரிக்கும்போது முதல் இரண்டும் பெரும்பாலும் போய்விடும். மிச்சமிருப்பது பக்கவாட்டு ரத்தம் மட்டும். அது வந்து சேர வேண்டிய கடைசி இடம், தையலின் நட்ட நடு, பூப்பெலும்புக்குச் சற்று மேலே. தோல் கறுத்து அழுகினால் பெரும்பாலும் அங்கேதான் அழுகும்.

அதனால்தான் பழைய தழும்பு ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அடிவயிற்றின் குறுக்குச் சிசேரியன் தழும்பு பிரச்சினை இல்லை. வெட்டி எடுக்கும் தோலோடு போய்விடும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், ஆகவே உங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு இந்தத் தழும்பு இருக்கும். குடும்பக் கட்டுப்பாட்டுத் தழும்பு சிறியது. ஆனால் அது தொப்புளுக்கு அடியில் இருந்தால் தொப்புள் காம்புக்கு வரும் ரத்தத்தை யோசிக்க வேண்டும். பயப்பட வேண்டிய தழும்பு வலது விலாவுக்குக் கீழே சாய்வாகப் போவது, பித்தப்பையைத் திறந்து எடுத்த காலத்துத் தழும்பு. பக்கவாட்டிலிருந்து வரும் ரத்தத்தை அது குறுக்கே வெட்டியிருக்கிறது. அந்தத் தழும்போடு வழக்கம்போல் திரையை அகலமாகப் பிரித்தால், தழும்புக்குக் கீழே உள்ள தோல் சாகலாம். மேல்பகுதியில் நடுவே குறுகலாக மட்டும் பிரிப்பது, பிரிக்கும் பரப்பைக் குறைப்பது, சிலருக்குச் செய்யவே முடியாது என்று சொல்வது, எல்லாமே அந்த ஒரு தழும்பைப் பார்த்துத்தான் முடிவாகும். வாட்ஸ்ஆப் படத்தில் அது இருட்டில் மறைந்திருக்கும்.

புகையிலையும் இதே காரணத்துக்காகத்தான். நிக்கோட்டின் சிறு நாளங்களைச் சுருக்குகிறது. பக்கவாட்டிலிருந்து மட்டும் ரத்தம் வாங்கும் திரைக்கு அந்தச் சுருக்கம் தாங்காது. அறுவைக்கு முன் நான்கு வாரமும் பின் நான்கு வாரமும் அறவே கூடாது. "சிகரெட் குடிப்பீங்களா?" என்று கேட்டால் நம் பெண்கள் சிரித்துக்கொண்டே இல்லை என்பார்கள். வெற்றிலையோடு புகையிலை, மூக்குப்பொடி, புகையிலைப் பற்பொடி என்று தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டுக்குள் வேறு யாராவது புகைக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

அடுத்து ரத்தக்கட்டி. அழகியல் அறுவைகளில் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறும் ஆபத்து அதிகம் உள்ளவற்றில் டம்மி டக் முன்னால் நிற்கிறது. நீண்ட மயக்கம், இறுக்கித் தைத்ததால் வயிற்றுக்குள் கூடும் அழுத்தம், அதற்கு மேல் இறுக்கிய பெல்ட், வலியால் நடக்காமல் கிடப்பது, எல்லாம் சேர்ந்து காலிலிருந்து ரத்தம் திரும்புவதைத் தாமதப்படுத்துகின்றன. ரத்தம் கட்டும் ஆபத்தைக் கணக்கிடும் கேப்ரினி மதிப்பெண் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். 43 வயது என்றால் 1. உடல் எடைக் குறியீடு 25க்கு மேல் என்றால் 1. ஹார்மோன் மாத்திரைக்கு 1. முக்கால் மணிக்கு மேல் நீளும் அறுவைக்கு 2. உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிற சாதாரணப் பெண்ணே இப்படி 5க்கு வந்துவிடுகிறார். ரத்தம் கட்டாமல் இருக்கத் தடுப்பு ஊசி போட வேண்டுமா, எப்போது தொடங்குவது என்று அறுவையாளரும் மயக்கவியலாளரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய எண் அது. குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் கட்டியிருந்தால் இன்னும் 3 கூடும்.

கோயில், கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட எடுக்கும் மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். நோரெதிஸ்டிரோன் அதிக அளவில் எடுக்கும்போது அதில் ஒரு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் வகையாக மாறுகிறது, ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடுகிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையை நான்கு வாரம் முன்பே நிறுத்தி வேறு பாதுகாப்புக்கு மாறச் சொல்ல வேண்டும். அறுவை அறையில் காலுக்கு அழுத்தம் தரும் கருவி, அன்று மாலையே பிடித்துக்கொண்டு நடக்க வைப்பது, போதிய தண்ணீர், இவை பேக்கேஜில் கூடுதல் கட்டணமாக வரக் கூடாது. பலருக்கு ரத்தம் கட்டுவது வீட்டுக்குப் போன பிறகு, இரண்டாவது மூன்றாவது வாரத்தில். இலங்கையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிறவரை ஐந்தாம் நாள் விமானத்தில் ஏற்றி அனுப்பாதீர்கள். பத்து நாளிலிருந்து இரண்டு வாரமாவது ஊரில் தங்கும்படி திட்டம் போடச் சொல்லுங்கள். பத்து மணி நேரப் பேருந்துப் பயணமும் காலுக்கு அதே கேடுதான்.

"பிரசவத்தோடு சேர்த்தே வயிற்றையும் சரிசெய்துவிடலாம்" என்று சொல்வதை நிறுத்துங்கள். பிரசவ நேரத்தில் ரத்தம் கட்டும் தன்மை ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். கருப்பை பெரிதாக இருக்கும், தோல் எவ்வளவு சுருங்கும் என்றே தெரியாது. பால் கொடுப்பதை நிறுத்தி மூன்று முதல் ஆறு மாதம் ஆக வேண்டும். எடை ஆறு மாதமாக ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எடை குறைய இரைப்பைச் சுருக்க அறுவை செய்தவர் என்றால் ஒன்று, ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று மனதில் இருந்தால் அது முடியட்டும். அறுவைக்குப் பின் கர்ப்பமானால் குழந்தைக்கு ஆபத்தில்லை, ஆனால் தைத்தது மறுபடி விரியும்.

ரத்தப் பரிசோதனையை வெறும் சடங்காகச் செய்யாதீர்கள். அதே குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. ஹீமோகுளோபின் 8.5 என்று வந்தால் தேதியைத் தள்ளி, இரும்புச்சத்து கொடுத்து, ஏன் குறைந்தது என்று பாருங்கள். சர்க்கரை உள்ளவருக்கு மூன்று மாதச் சராசரி கட்டுக்குள் வராமல் தேதி வேண்டாம்.

லைப்போசக்ஷனை டம்மி டக்கோடு சேர்த்துச் செய்வது இப்போது பரவலாகிவிட்டது. பக்கவாட்டிலும் இடுப்பிலும் அளவோடு செய்தால் நல்ல வடிவம் வரும். ஆனால் பிரித்த திரையையே நடுவில் போட்டு உறிஞ்சினால் மிச்சமிருக்கிற ரத்த ஓட்டமும் போய்விடும். "360 டிகிரி, எல்லாம் ஒரே நாளில்" என்பதில் நேரமும் நீரிழப்பும் ரத்தக்கட்டி ஆபத்தும் சேர்ந்தே கூடுகின்றன. உறிஞ்சும் குழாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்லிய, நீண்ட, உள்ளே துளையுள்ள கருவிகள் அவை. தேய்த்துக் கழுவி, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் முறையாக வைக்காமல் மருந்துக் கரைசலில் ஊறவைத்துக் குழாய்த்தண்ணீரில் அலசி எடுத்தால், காசநோய்க் கிருமியின் உறவான வேறு வகை மைக்கோபாக்டீரியா அதில் தங்கிவிடும். அந்தத் தொற்று உடனே தெரியாது. தையல் எல்லாம் ஆறிய பிறகு, மூன்றிலிருந்து ஆறு வாரத்தில், வலி அதிகமில்லாத சிவந்த கட்டிகளாக வரும். ஒன்று உடைந்து ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக் கேட்காது. சீழை அந்தக் கிருமிக்கான சோதனைக்கு அனுப்பி, பல மாதம் கூட்டு மருந்து கொடுத்தால்தான் அடங்கும். இப்படி வருகிறவரிடம் "தையல் நூல் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி ஒவ்வொரு வாரமும் மாத்திரையை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

நீர் கோர்த்துக்கொள்வதுதான் அடிக்கடி வரும் தொந்தரவு. பிரித்த இரண்டு பரப்புகளும் ஒட்டாமல் உரசிக்கொண்டே இருந்தால் நடுவில் நீர் சேரும். அதை வெளியே வடிக்கத்தான் டிரெயின் குழாய்கள். ஒரு நாளில் 30 மி.லி.க்குக் கீழே வந்தால் எடுக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 2000இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்து அறுவையாளர்களான பொல்லாக் தந்தையும் மகனும் விவரித்த முறைப்படி, திரையைப் பல இடங்களில் தசையுறையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே இறங்கினால் நீர் சேர்வது குறைகிறது, குழாயே வைக்காமல் முடிப்பவர்களும் உண்டு. குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் அளவுக் குறியைப் பார்ப்பது, காலி செய்து காற்றை அமுக்கி மூடுவது, குளிக்கும்போது எங்கே மாட்டுவது என்பதை நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் கையில் கொடுத்துச் செய்யவைத்துக் காட்டுங்கள். குழாய் எடுத்த பிறகு அடிவயிற்றைத் தட்டினால் தண்ணீர்ப்பை மாதிரி அலை ஓடினால் உடனே வர வேண்டும். ஊசியால் எடுத்துவிடலாம், சிலருக்கு நாலைந்து தடவை எடுக்க வேண்டிவரும். இதற்கு ஒவ்வொரு முறையும் பணம் கேட்பதால்தான் பலர் வராமல் இருந்து, நீரைச் சுற்றி உறை கட்டி, கடைசியில் மறு அறுவைக்கு வருகிறார்கள்.

இனி வீட்டு நாட்கள். அறுவையைவிட இதைத்தான் நீங்கள் மிகக் குறைவாகச் சொல்கிறீர்கள். ஒரு வாரம், பத்து நாள் இடுப்பைக் கொஞ்சம் வளைத்தே நடக்க வேண்டும். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். தூங்கும்போது முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் தலையணை வேண்டும். பாய் விரித்துத் தரையில் படுக்கிற வீடு என்றால் கட்டிலுக்கு முன்பே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் தரையிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் வயிற்றுத் தசைதான் முழு எடையையும் தூக்கும். கட்டிலிலும் நேரே எழக் கூடாது, பக்கவாட்டில் திரும்பிக் கையூன்றி எழ வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை மட்டும் இருந்தால் நாற்காலி வைக்க வேண்டும். மலச்சிக்கல் வரவே விடக் கூடாது. வலி மாத்திரையில் சில குடலைக் கட்டும், முக்கினால் உள்தையல் அறுபடலாம். ஆறு வாரத்துக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் உறைக்காது. ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ. நிரம்பிய சமையல் சிலிண்டர் 30 கிலோவை நெருங்கும். இரண்டு வயதுப் பிள்ளை 11, 12 கிலோ, அது கையை நீட்டி அழும். அதைத் தூக்க வீட்டில் வேறு ஆள் யார் என்று அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் கேளுங்கள். ஆள் இல்லை என்றால் ஆள் கிடைக்கும் மாதத்துக்குத் தேதியை மாற்றுங்கள்.

பெல்ட்டை ஆறு வாரம் போடச் சொல்வது வழக்கம். நம் வெயிலில் அதற்கு அடியில் பருத்திப் பனியன் இல்லாவிட்டால் மூன்றாம் நாளே வேர்க்குரு வரும். இறுக்கினால் சீக்கிரம் தட்டையாகும் என்று நினைத்து மூச்சுமுட்ட இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி இறுக்கினால் தோலின் ரத்த ஓட்டமும் குறையும், காலில் ரத்தமும் தேங்கும். உள்ளங்கை தாராளமாக உள்ளே போக வேண்டும்.

ஒத்தடத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அறுவைக்குப் பின் தொப்புளுக்குக் கீழே தோல் மரத்துப்போகும். மாதக் கணக்கில் இருக்கும், சிலருக்கு ஒரு திட்டு நிரந்தரமாகவே மரத்துவிடும். வீட்டில் பெரியவர்கள் பாசத்தோடு வெந்நீர்ப் பை வைப்பார்கள், உப்பு வறுத்து ஒத்தடம் கொடுப்பார்கள். சுடுகிறது என்று அவருக்குத் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்த தோல், சூட்டைக் கடத்திக் கொண்டுபோக முடியாது. கொப்புளம் கிளம்பிப் பார்க்கும்போது ஆழமான தீப்புண்ணாகியிருக்கும். ஐஸ் கட்டியும் அப்படியே. டிஸ்சார்ஜ் தாளில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், அம்மாவையும் மாமியாரையும் கூப்பிட்டு வாயாலும் சொல்லுங்கள்.

தழும்பு முதல் சில மாதம் சிவந்து தடித்துத்தான் இருக்கும். அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். நம் நிறத்துத் தோலில் தடித்த தழும்பும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கீலாய்டும் அதிகம் வரும் என்பதால் காது குத்திய இடம், தடுப்பூசித் தழும்பு, பழைய சிசேரியன் தழும்பு எப்படி ஆறியிருக்கின்றன என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். புண் முழுதாக மூடியதும் தழும்பின் மேல் சிலிக்கோன் ஷீட் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல், குறைந்தது இரண்டு மூன்று மாதம். "தழும்பே தெரியாது" என்ற வாசகம் உங்கள் எந்த விளம்பரத்திலும் இருக்கக் கூடாது.

விளம்பரம் என்றதும் சட்டமும் வருகிறது. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் நோயாளிகளை விளம்பரத்தால் இழுப்பதைத் தடுக்கின்றன. மையத்தின் பெயரில் விளம்பரம் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அந்த வாக்குறுதியை நிறைவேற்றக் கத்தி பிடிப்பவர் மருத்துவர். அவரது பட்டம் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரியா, அதற்கு இணையான தேசிய வாரியப் பட்டமா என்பதையும், மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் பெயர்ப்பலகையிலேயே எழுதுங்கள். மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பெற்ற பதிவுச் சான்றிதழை வாசலில் மாட்டுங்கள். இரவு முழுக்கக் கண்காணிக்க ஆளும் படுக்கையும் இல்லாத இடத்தில் முழு டம்மி டக் செய்யாதீர்கள். முதல் 24 மணி நேரத்தில் உள்ளே ரத்தம் கசிந்தால் மறுபடி திறக்க அதே இரவில் அறுவை அறை வேண்டும்.

2008இல் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் வேறொரு சிகிச்சைக்கு ஒப்புதல் ஆகாது என்றும், போதிய தகவல் தெரிந்து தருவதே ஒப்புதல் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. லைப்போசக்ஷனுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு மேசையில் மயக்கத்தில் இருப்பவரின் கணவரிடம் "தோல் அதிகமாக இருக்கிறது, டக்கும் பண்ணிவிடலாமா?" என்று கேட்பது ஒப்புதல் கிடையாது. காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றோடு, ஆங்கிலப் படிவத்தில் வாங்கும் கையெழுத்தும் அப்படித்தான்.

பணத்தையும் நேராகப் பேசுங்கள். அழகியல் அறுவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சொல்லும் விலையில் அது சேர்ந்ததா என்று எழுதிக் கொடுங்கள். மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் அழகியல் அறுவையைப் பொதுவாக விலக்கியே வைக்கின்றன. உண்மையான ஹெர்னியா இருந்தால் அந்தப் பகுதியைத் தனியாகக் காட்டிக் கேட்கலாம். இல்லாத ஹெர்னியாவைக் காகிதத்தில் எழுதி "இன்சூரன்ஸில் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லாதீர்கள். பின்னால் சிக்கல் வந்து வேறு மருத்துவமனைக்கு ஓடும்போது, அந்தப் பொய்க் குறிப்பை நம்பித்தான் அங்கே சிகிச்சையை ஆரம்பிப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் தாளில் ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும். விற்பனைப் பிரிவின் எண் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கும் எடுத்துப் பேசும் மருத்துவரோ செவிலியரோ வைத்திருக்கிற எண். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், ஒரு பக்க வயிறு திடீரென்று உப்பி இறுகினால், தையலின் நடுவில் தோல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், காய்ச்சலோடு நாற்றமடிக்கும் நீர் வடிந்தால், காலைவரை காத்திருக்காமல் கூப்பிடச் சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் உங்கள் மையத்துக்கு வரக்கூட வேண்டாம், பக்கத்தில் இருக்கிற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு 108இல் போகச் சொல்லுங்கள்.

பரிசோதித்து, இதையெல்லாம் சொல்லி, தமிழில் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து அவராகவே வந்து வேண்டும் என்று சொன்னால் தேதி போடுங்கள். அதுவரை நினைவூட்டல் அழைப்பு வேண்டாம், தள்ளுபடி முடிகிறது என்ற குறுஞ்செய்தி வேண்டாம். முன்பே பணம் கட்டியவர் மனம் மாறி வந்தால், பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை, மயக்கவியல், செவிலியர், பிசியோதெரபிப் பணிகளில் இருப்போர்